பந்தயக் குதிரைக்கு முதல் சேணம்

குதிரைப் பந்தயத்தைத் திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் குதிரைகள் பாய்ந்து செல்கின்றன. நம் கண்கள் அவற்றின் கால்களையே பின்தொடர்கின்றன. முதுகின்மேல் ஓர் ஆள் அமர்ந்திருப்பது நமக்கு வியப்பாகத் தோன்றுவதே இல்லை.

சற்று எண்ணிப் பாருங்கள். புல்வெளிகளில் வாழ்ந்த குதிரையின் மூதாதைகளுக்கு, முதுகின்மேல் திடீரென்று ஏறக்கூடியது எது? சிங்கத்தைப் போன்ற ஒரு கொல்விலங்குதான். ஏறியதை உதறித் தள்ளிவிட்டு ஓடிய குதிரை பிழைத்தது, குட்டி ஈன்றது. உதறத் தெரியாதது இரையாயிற்று. அந்த வழியில் வந்த விலங்கு, ஒன்றரை வயதில், தன் முதுகில் ஒரு மனிதனை ஏற்றுக்கொள்கிறது. இது எவ்வாறு நடக்கிறது? அந்த இளம் வயதில் அதன் எலும்புகள் அந்தச் சுமைக்கும் வேகத்துக்கும் தயாராக இருக்கின்றனவா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோம். (பந்தயத்தில் பணம் கட்டுவது சூதாட்டமா, திறமையா என்ற வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996-இல் தீர்ப்பாயிற்று. அந்த வாதம் நமக்கு இங்கே வேண்டாம்.)

பந்தயக் குதிரைகள் 'தரோபிரெட்' என்னும் இனத்தைச் சேர்ந்தவை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த மூன்று பொலிகுதிரைகளே இந்த இனத்தின் ஆண்வழி முன்னோர். இவற்றின் வம்சாவளிப் பதிவேடு 1791-இல் அச்சாயிற்று. இங்கிலாந்தின் நியூமார்க்கெட், அயர்லாந்தின் கில்டேர், அமெரிக்காவின் கென்டக்கி ஆகியவை இவற்றை வளர்க்கும் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றவை. நம் நாட்டில் புனேயைச் சுற்றியும் இத்தகைய பண்ணைகள் உண்டு.

இந்தக் குதிரைகளின் வயதுக் கணக்கு வேடிக்கையானது. பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்தில் ஒரு பிறந்த நாளை எழுதிக்கொண்ட தாத்தாக்கள் நம் வீடுகளில் உண்டு அல்லவா? அதே கதைதான். வடகோளத்தில் பிறந்த எல்லாத் தரோபிரெட் குதிரைகளுக்கும் ஜனவரி 1 பிறந்த நாள். தென்கோளத்தின் பல நாடுகளில் ஆகஸ்ட் 1. ஏப்ரல் கடைசியில் பிறந்த குட்டி, எட்டு மாதம் முடிந்ததும் 'ஒரு வயது' ஆகிவிடுகிறது. ஆகவே 'இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயம்' என்று படிக்கும்போது, அதில் ஓடும் சில குதிரைகளுக்கு உண்மையில் இரண்டு வயது நிறைந்திருக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

குட்டிகள் பெரும்பாலும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் பிறக்கின்றன. அடுத்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், அதாவது செப்டம்பர் முதல் நவம்பர் வரையில், முதல் சேணம் ஏறுகிறது. அப்போது குட்டிக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது. எடை 350 முதல் 400 கிலோ வரை இருக்கும். ஆளைவிட ஐந்தாறு மடங்கு கனமான அந்த விலங்கை வலிமையால் வெல்ல முடியாது. பாடம் அதன் மூளைக்குத்தான் நடத்த வேண்டும்.

பயம் குறைவது எப்படி?

குதிரையின் கண், நிலத்தில் வாழும் பாலூட்டிகளின் கண்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. தலையின் இரு பக்கங்களிலும் கண்கள் அமைந்திருப்பதால், நின்ற இடத்திலேயே ஏறத்தாழ 350 பாகைக்குச் சுற்றுப்புறத்தைப் பார்க்கிறது. மூக்குக்கு நேர் முன்னே சிறிது தூரமும், வாலுக்கு நேர் பின்னேயும்தான் அதற்குத் தெரியாது. ஒரு காகிதம் பறந்தாலும் அது முதலில் ஓடும். பிறகுதான் திரும்பிப் பார்க்கும். இரை விலங்குக்கு இதுவே நல்ல வழி. தேவையில்லாமல் நூறு முறை ஓடினால் சிறிது களைப்பு. ஓட வேண்டிய ஒரு முறை நின்றுவிட்டால் உயிரே போய்விடும்.

இந்தப் பயத்தை எப்படிக் குறைப்பது? சோளக்கொல்லையில் நடும் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பறவைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள்; காக்கை அந்தப் பொம்மையின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். தீங்கு எதுவும் தராத ஒரு பொருளை மீண்டும் மீண்டும் சந்திக்கும்போது நரம்பு மண்டலம் அதற்கு எதிர்வினை காட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. இதைப் 'பழக்கப்படுதல்' என்று உளவியலார் சொல்கிறார்கள். உழவருக்கு இதனால் நட்டம். குதிரைப் பண்ணைக்கோ இதுவே மூலதனம்.

பண்ணையில் குட்டி பிறந்த நாளிலிருந்தே ஆட்கள் அதைத் தொட்டுப் பழக்குகிறார்கள். தலைக்கயிறு மாட்டி நடத்துகிறார்கள். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்திலுள்ள மேட்டைச் சொறிந்துவிடுகிறார்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடுவதும் அந்த இடத்தில்தான். அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்சில் செய்த ஆய்வு ஒன்று 1993-இல் காட்டியது.

சேணப் பாடம் தொடங்கும்போது, முதலில் ஒரு துணியால் உடல் முழுவதும் தேய்க்கிறார்கள். குட்டி மிரண்டால் துணியை அதே இடத்திலேயே வைத்திருந்து, அது அமைதியான பின் எடுக்க வேண்டும். மிரண்டவுடன் எடுத்துவிட்டால், 'மிரண்டால் துணி போய்விடும்' என்று அது கற்றுக்கொண்டுவிடும்! இந்தச் சிறு வேறுபாட்டில்தான் நல்ல பயிற்சியாளரும் மோசமான பயிற்சியாளரும் பிரிகிறார்கள்.

இதையே சற்று விரித்துப் பார்ப்போம். லகானை மெதுவாக இழுத்தால் குதிரையின் வாயில் ஓர் அழுத்தம் ஏற்படுகிறது. குதிரை நின்றவுடன் அழுத்தம் விடுபடுகிறது. குதிரைக்குப் பாடம் சொல்வது இழுப்பு அல்ல, விடுதல்தான். விரும்பத்தகாத ஒன்றை நீக்குவதால் ஒரு செயல் வலுப்பெறுவதை 'எதிர்மறை வலுவூட்டல்' என்பார்கள். பெயரைப் பார்த்து இதைத் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். 'எதிர்மறை' என்பது இங்கே 'எடுத்துவிடுதல்' என்ற பொருளில் வருகிறது. விடுதல் உடனடியாக, ஒரு வினாடிக்குள் வர வேண்டும். தாமதித்தால் எதற்காக விடுபட்டது என்பது குதிரைக்கு விளங்காது. நின்ற பிறகும் ஆள் இழுத்துக்கொண்டே இருந்தால், வாய் மரத்துப்போன, யார் சொல்லும் கேளாத குதிரை உருவாகிறது.

கடிவாள இரும்பு வாயில் எங்கே தங்குகிறது என்று நீங்கள் கேட்கலாம். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பற்களே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. இரும்பு அங்கே, நாக்கின்மேல் கிடக்கிறது. புல் மேய்வதற்காக ஏற்பட்ட தாடை அமைப்பு, மனிதனுக்கு வேறு வகையில் உதவுகிறது!

அடுத்துக் கச்சைவார். சேணம் இல்லாமல் வெறும் வாரை மட்டும் மார்பைச் சுற்றிக் கட்டுவார்கள். ஒவ்வொரு துளையாகத்தான் இறுக்க வேண்டும். நெஞ்சைச் சுற்றி ஏதோ இறுக்குவதை உணரும் நொடியில்தான் பல குட்டிகள் துள்ளி உதைக்கின்றன. பண்ணை வேலையில் ஆபத்தான கட்டங்களுள் இதுவும் ஒன்று. பிறகு இரண்டு நீண்ட லகான்களை மாட்டி, ஆள் பின்னால் நடந்துகொண்டே குட்டியை முன்னே நடத்துவார். வண்டி இல்லாமல் வண்டி ஓட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்க, நடக்க, திரும்ப, இவ்வளவையும் முதுகில் ஆள் ஏறும் முன்பே குட்டி கற்றுக்கொள்கிறது.

அதன் பின்னரே சேணம். அதற்கும் பின்னரே ஆள். ஆளும் ஒரேயடியாக ஏறி அமர்வதில்லை. லாயத்துக்குள், குட்டிக்குப் பழகிய இடத்தில், ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அதன் முதுகில் வயிறு படியக் குறுக்கே சாய்கிறார். சில நொடிகளில் இறங்கிவிடுகிறார். மீண்டும் சாய்கிறார். சில நாள்களில் காலை மெல்ல மறுபக்கம் போட்டு, உடலைத் தாழ்த்தியே அமர்கிறார். நிமிர்ந்து உட்கார்வது கடைசியில்தான். ஏன் தெரியுமா? நிமிர்ந்தால் தலைக்கு மேலே, பின்புறத்தில், இரு கண்களின் ஓரத்திலும் ஓர் உருவம் எழுவதைக் குதிரை பார்க்கிறது. நாம் தொடக்கத்தில் சொன்ன சிங்கம் அங்கேதான் தோன்றும்!

லாயத்துக்குள் நாலைந்து சுற்று நடந்த பிறகு, பழகிய முதிர்ந்த குதிரை ஒன்றின் பின்னால் வெளியே அழைத்துச் செல்கிறார்கள். ஏர் பழக்கும் உழவர் புது மாட்டைப் பழகிய மாட்டுடன் சேர்த்துப் பூட்டுவதைக் கிராமத்து மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதே அறிவுதான் இது. கூட்டமாக வாழும் விலங்குக்கு, முன்னே செல்வது மிரளாமல் இருந்தால் தானும் மிரள வேண்டியதில்லை என்று தெரியும். துணியில் தொடங்கி இதுவரை வர, குட்டியைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன.

உடைப்பதா, பழக்குவதா?

இந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பழைய சொல்லுக்கு 'உடைத்தல்' என்றே பொருள். கட்டிப்போட்டு, களைக்க வைத்து, எதிர்ப்பை உடைப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. ஆனால் மென்மையான முறை புதியதன்று. கிரேக்க நாட்டின் செனபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே குதிரைப் பயிற்சி நூல் ஒன்று எழுதினார். கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பது அவருடைய முக்கியமான விதி.

நம் காலத்தில் இதைப் பரப்பியவர் அமெரிக்கரான மாண்டி ராபர்ட்ஸ். 1989-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முன்னிலையில், விண்ட்சர் அரண்மனையில் தம் முறையைச் செய்து காட்டினார். வட்டமான தொழுவத்துக்குள் குதிரையைச் சுற்றி ஓடச் செய்வார். அது மனிதனின் பக்கம் கவனம் திருப்பியதும், விரட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி நிற்பார். சற்று நேரத்தில் குதிரை தானே வந்து அவர் தோளருகில் நின்று, அவர் போகுமிடமெல்லாம் பின்தொடரும். குதிரைகளின் உடல்மொழியில் தாம் பேசுவதாக அவர் விளக்கினார்.

விஞ்ஞானிகள் இதை அப்படியே விட்டுவிடவில்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். மனிதனுக்குப் பதிலாக, தொலைவிலிருந்து இயக்கும் ஒரு பொம்மைக் காரை உள்ளே விட்டார்கள். குதிரை விலகி ஓடினால் கார் விரட்டும். காரின் பக்கம் திரும்பினால் கார் நின்றுவிடும். என்ன ஆயிற்று? குதிரைகள் பொம்மைக் காரையும் பின்தொடரத் தொடங்கிவிட்டன! காருக்கு உடல்மொழி ஏது? அழுத்தமும் விடுதலும் சரியான நொடியில் வந்தால் போதும் என்பதே இதன் பொருள். அந்த முறை பயன்படாது என்று இது காட்டவில்லை. அது ஏன் பயன்படுகிறது என்ற விளக்கம்தான் மாறியது. மாண்டி ராபர்ட்ஸின் கையில் அது நன்றாகவே வேலை செய்தது.

மனிதனின் மிக நுண்ணிய அசைவைக்கூடக் குதிரை கவனிக்கும் என்பதில் ஐயமில்லை. பெர்லினில் 'ஹான்ஸ்' என்ற குதிரை கூட்டல் கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லிப் புகழ் பெற்றிருந்தது. சரியான எண்ணிக்கை வரும்போது, கேட்டவரின் தலை அவரை அறியாமலே இம்மியளவு அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது என்பதை 1907-இல் ஆஸ்கர் புங்ஸ்ட் கண்டுபிடித்தார். கணக்குத் தெரியாவிட்டால் என்ன? நமக்கே தெரியாத நம் அசைவைப் பார்க்கத் தெரிந்ததே! முதல்முறை குட்டியின்மேல் ஏறுபவர் நடுங்கினால், அந்த நடுக்கம் குட்டிக்கும் எட்டிவிடுகிறது என்று பண்ணையாட்கள் சொல்வதை இதனால் நம்பலாம்.

எலும்பும் பாடம் கற்கிறது

இனி இரண்டாவது கேள்வி. என் கருத்தில் இதுவே முக்கியமானது; ஏனென்றால் மிரண்ட குதிரையை மீண்டும் பழக்கலாம், கால் முறிந்த பந்தயக் குதிரையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை.

உங்கள் கையை மேசையின்மேல் நடுவிரல் நுனி மட்டும் படும்படி ஊன்றிப் பாருங்கள். குதிரை நிற்பது இப்படித்தான். குளம்பு என்பது அதன் நடுவிரல் நகம். அதன் முன்னங்காலில் 'முழங்கால்' என்று நாம் காட்டும் இடம் உண்மையில் மணிக்கட்டு. அதற்குக் கீழே நீண்டிருப்பது நம் உள்ளங்கையில் நடுவிரலைத் தாங்கும் எலும்பு. குதிரைக்காரர்கள் இதைக் 'கேனன்' எலும்பு என்கிறார்கள். முழுப் பாய்ச்சலில் ஒரு கணம், உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை இந்த ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. 450 கிலோ குதிரைக்கு இது 1,100 கிலோவுக்கும் மேல்! ஒவ்வொரு வினாடியும் இரண்டு தடவைக்கு மேல் இது நிகழ்கிறது.

எலும்பு என்றால் செங்கல்லைப் போல உயிரற்றது என்று எண்ணிவிடாதீர்கள். அதில் பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. எந்த இடத்தில் சுமை அதிகமோ அங்கே எலும்பு தடிக்கிறது. சுமை இல்லாத இடத்தில் கரைகிறது. ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் இதை நூலாக எழுதினார். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பதும், விண்வெளியில் எடையின்றி மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதம் ஒன்றுக்கு 1 சதவீதத்துக்கும் மேல் தாது இழப்பதும் இந்த விதியால்தான்.

சேணம் ஏறாத குட்டியின் கேனன் எலும்பு பந்தய வேகத்துக்கு ஏற்றதாக இல்லை. அந்த வேகத்துக்கு முன்புற உட்பக்கச் சுவர் தடிக்க வேண்டும். குதிரையை மிக வேகமாக, மிக விரைவில் ஓட்டினால், எலும்பு வேறு வழியின்றி அவசர அவசரமாகப் புறப்பரப்பில் எலும்பை அப்புகிறது. கால் முன்புறம் வீங்கி, தொட்டாலே வலிக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் எல்லாப் பயிற்சியாளர்களும் அறிந்த நோய் இது. ஒரு காலத்தில், 'எல்லாக் குட்டிக்கும் வரும், போகும்' என்று தட்டம்மையைப் போல இதைக் கருதினார்கள். ஒரு சிறு பகுதிக் குதிரைகளுக்கு அதே இடத்தில் பின்னர் விரிசல் விழுந்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நூனமேக்கர் இதை ஏற்கவில்லை. குதிரையின் கேனன் எலும்பிலேயே நுண்ணிய அளவிகளை ஒட்டி, ஓடும்போது எலும்பு எவ்வளவு வளைகிறது என்று அளந்தார். மெதுவான ஓட்டத்தில் எலும்பு வளைவது ஒரு மாதிரி. பந்தய வேகத்தில் வளைவது வேறு மாதிரி. வழக்கமான பயிற்சியிலோ குட்டிகள் நாள்தோறும் கிலோமீட்டர் கணக்கில் மெதுவாக ஓடின. வேகமான ஓட்டம் எப்போதோ ஒருமுறைதான். அதாவது எலும்பு ஒரு பாடத்தைப் படித்துவிட்டு வேறு பாடத்தில் தேர்வு எழுதியது! அவர் சொன்ன மாற்று வழி எளியது. மெதுவான தூரத்தைக் குறையுங்கள். வாரம் இரண்டு முறை ஓட்டத்தின் முடிவில் 1 பர்லாங், அதாவது ஏறத்தாழ 200 மீட்டர் மட்டும், சற்று வேகமாக விடுங்கள். வாரங்கள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

இவ்வளவு குறைவான ஓட்டம் போதுமா என்று ஐயம் எழும். ரூபின், லான்யன் என்னும் இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பறவையின் இறக்கை எலும்பு ஒன்றுக்கு நாள்தோறும் குறிப்பிட்ட தடவை சுமை கொடுத்தார்கள். நாளுக்கு 4 தடவை கொடுத்தபோது எலும்பு தேயாமல் நின்றது. 36 தடவை கொடுத்தபோது வளர்ந்தது. 1,800 தடவை? 36-க்கு மேல் கூடுதலாக எந்தப் பயனும் இல்லை. தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் படிப்பவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சேதமான எலும்பைப் புதுப்பிக்கும்போது, முதலில் அரித்தெடுக்கும் செல்கள்தான் வேலையைத் தொடங்குகின்றன. கட்டும் செல்கள் பின்னால் வருகின்றன. ஆகவே பழுதுபார்க்கும் வாரங்களில் எலும்பு சற்று வலுவிழந்தே இருக்கிறது. வெளியே பார்க்கக் குதிரை நலமாக இருக்கும். அப்போது வேகமாக ஓட்டுவதுதான் ஆபத்து.

இரண்டு வயது போதுமா?

18-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற குதிரையான எக்லிப்ஸ் 1764-இல் பிறந்தது. முதல் பந்தயத்தில் ஓடியது 1769-இல், ஐந்தாம் வயதில். பிறகுதான் இளம் குதிரைகளின் பந்தயங்கள் பெருகின. காரணம் வெளிப்படை. ஐந்து ஆண்டு தீனி போட்டுக் காத்திருப்பதைவிட இரண்டாம் ஆண்டிலேயே பணம் வந்தால் நல்லது என்று உரிமையாளர்கள் நினைத்தார்கள்.

ஒன்றரை வயதில் குதிரை தன் முழு உயரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்துவிடுகிறது. ஆனால் எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடுவதில்லை. கேனன் எலும்பின் கீழ்முனைத் தட்டு முதல் ஆண்டிலேயே மூடிவிடுகிறது. மணிக்கட்டுக்கு மேலே உள்ளது இரண்டு வயதைத் தாண்டியே மூடும். முதுகெலும்பில் உள்ளவை மூட ஐந்து ஆண்டுகள் வரை, சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகின்றன. இதைக் காட்டி, 'ஐந்து வயது வரை ஏறவே கூடாது' என்று வாதிடுவோர் உண்டு.

ஆனால் அமெரிக்கா, நியூசிலாந்து முதலிய நாடுகளின் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிய குதிரைகள், பிறகு தொடங்கியவற்றைவிட அதிக ஆண்டுகள் ஓடின. இளமையில் கிடைக்கும் அளவான பயிற்சி எலும்பையும் தசைநாணையும் உறுதியாக்குகிறது என்று இதை விளக்குகிறார்கள். இங்கே நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். காலையில் கடற்கரையில் நடக்கும் முதியவர்கள் நலமாக இருக்கிறார்கள். நடப்பதால் நலமா, நலமாக இருப்பவர்கள்தான் நடக்க வருகிறார்களா? அதுபோலவே, நோஞ்சான் குட்டிகள் இரண்டு வயதில் ஓடியிருக்கவே மாட்டா. பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிப்பது கடினம். எனக்குத் தோன்றுவது இதுதான்: இளமையில் அளவான வேலை நல்லது என்பதற்கு எலும்பு ஆய்வுகளே போதிய சான்று. அளவு என்ன என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் குட்டியின் காலைத் தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பணம் போட்டவர் அவசரப்படும்போது அந்தக் கையைத்தான் முதலில் தட்டிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 2009 முதல் பந்தயக் களத்தில் உயிரிழக்கும் குதிரைகளின் கணக்கை முறையாகத் திரட்டுகிறார்கள். அந்த ஆண்டில் 1,000 குதிரைகள் ஓடினால் 2 உயிரிழந்தன. 2023-இல் அது 1.32 ஆகக் குறைந்தது. இரண்டு வயதுக் குதிரைகளின் விகிதம் மூத்தவற்றைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது. மனதுக்கு ஆறுதல் தரும் அளவுக்கு எண்ணிக்கை இறங்கிவிடவில்லை. ஆனால் இறக்க முடியும் என்பது தெரிகிறது.

சேணப் பாடம் முடிந்ததும், பல பண்ணைகளில் குட்டிகளைச் சில வாரங்கள் மீண்டும் புல்வெளியில் விட்டுவிடுகிறார்கள். லாயத்தில் அடைத்து வளர்த்த குட்டிகளின் கேனன் எலும்பைவிட மேய்ச்சலில் திரிந்த குட்டிகளின் எலும்பில் தாது மிகுந்திருப்பதை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1999-இல் அளந்து காட்டினார்கள். அங்கே நின்று கவனித்தால் காரணம் விளங்கும். குட்டிகள் நெடுநேரம் தலை குனிந்து மேய்கின்றன. திடீரென்று ஒன்று வாலை உயர்த்திக்கொண்டு கிளம்புகிறது, மற்றவை துரத்துகின்றன. 200 மீட்டர் போலப் பாய்ந்துவிட்டு, வேலியருகில் திரும்பி நின்று மூச்சு வாங்குகின்றன. பிறகு மறுபடியும் புல்.